சுவருக்குள் பூசணம்: வீட்டை மோப்பம் பிடித்த வரலாறு

வீட்டுச் சுவரின் உட்புறத்திலும் தரைப்பலகைக்கு அடியிலும் கூரைக்கும் உள்விதானத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலும் கண்ணுக்குப் படாமல் வளரும் பூசணத்தைக் கண்டறிய மோப்ப நாய்களைப் பழக்கும் தொழில், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வட ஐரோப்பாவில் வேர்பிடித்து, பின்னர் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. போதைப்பொருளையும் வெடிமருந்தையும் தேடும் நாய்களுக்குக் கிடைத்த புகழ் இவற்றுக்குக் கிட்டவில்லை. ஆனால், வீட்டைப் பிடித்த நோயைக் கண்ணால் அறிவதா, மூக்கால் அறிவதா, கருவியால் அளப்பதா என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நீடிக்கும் ஒரு வழக்கில் நாய் மிகப் பிந்தி வந்து சேர்ந்த சாட்சி என்பதால், இத்தொழிலின் வரலாற்றை நாயிடமிருந்து தொடங்க இயலாது.

பழைய எழுத்துச் சான்றுகள் கண்ணையே நம்பின. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ பள்ளமான கறைகள் தோன்றினால் வீட்டுக்காரர் ஆசாரியனிடம் சென்று முறையிட வேண்டும், அவர் வந்து பார்த்து வீட்டை ஏழு நாள் அடைத்துவைக்க வேண்டும், மீண்டும் பார்க்கையில் கறை படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, சுவரைச் சுரண்டிப் புதுச் சாந்து பூச வேண்டும், அதற்குப் பிறகும் கறை திரும்பினால் வீட்டையே இடித்துவிட வேண்டும் என்று விவிலியத்தின் லேவியராகமம் பதினான்காம் அதிகாரம் விதிக்கிறது. தமிழ் விவிலியம் குஷ்டம் என்று குறிக்கும் அந்தக் கறை பூசணமாகவே இருந்திருக்கும் என்பது பலரின் கருத்து. அது எதுவாக இருந்தாலும், பார்வையிடல், காத்திருப்பு, மறுபார்வை, பெயர்த்தெடுத்தல் என்ற அந்த வரிசைக்கும் இன்றைய கட்டடப் பழுதுபார்ப்பு நெறிமுறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வாடையைப் பற்றி மட்டும் அந்த விதிகளில் ஒரு சொல்லும் காணப்படவில்லை.

வாடை முக்கியமானது, நோய் கண்ணுக்கு மறைந்த இடத்தில் வளர்ந்தபோதுதான். ஐரோப்பிய மரக் கட்டுமானத்தின் பரம எதிரியான உலர் அழுகல் என்பது செர்பூலா லாக்ரிமான்ஸ் என்ற பூஞ்சையால் உண்டாவது. பெயரில் உலர்வு இருந்தாலும் அது தொடங்குவதற்கு ஓதமேறிய மரம் தேவை. ஓரிடத்தில் காலூன்றிவிட்டால், கயிறு போல் திரண்ட தன் இழைகளைச் செங்கல் சுவரின் காரைக்குள் ஊடுருவவிட்டு, மறுபுறத்தில் உள்ள மரத்தையும் எட்டிப் பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மேற்பூச்சு வழவழப்பாக இருக்கும்போதே உள்ளே உத்திரம் சதுரம் சதுரமாக வெடித்துப் பொடிந்துபோயிருக்கும். இப்பூஞ்சை காட்டில் இயல்பாக வளரும் இடங்களுள் இமயமலை குறிப்பிடத்தக்கது. அதன் பிறப்பிடம் ஆசியாவே என்று 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வும் முடிவு செய்தது. மரங்களோடும் கப்பல்களோடும் பயணம் செய்து அது உலகின் குளிர்நாட்டு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது.

அழுகல் வீடுகளோடு நிற்கவில்லை, கடற்படைக் கப்பல்களையும் தின்றது. 1810-இல் டெப்ட்ஃபோர்டு துறையில் நீரில் இறக்கப்பட்ட குயீன் சார்லட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், கடற்பணிக்குச் செல்லும் முன்பே மரம் அழுகிப் பெரும் பொருட்செலவில் திரும்பக் கட்டப்பட வேண்டியதாயிற்று. அதில் வளர்ந்திருந்த பூஞ்சைகளை இனங்காண, தாவர ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ஜேம்ஸ் சவர்பியைக் கடற்படை நிர்வாகம் 1812-இல் அழைத்தது. அக்காலத் தச்சர்களிடம் இருந்த சோதனை முறைகள் மூன்றுதான்: சுத்தியலால் தட்டி ஓசை கேட்பது, கத்தி முனையைச் செருகிப் பார்ப்பது, பலகையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பது. முதல் இரண்டுக்கும் மரம் கைக்கெட்ட வேண்டும். மூன்றாவதற்கு ஒரு சந்து இருந்தால் போதும்.

மூக்கின் சாட்சியத்தை அறிவியல் முதன்முதலில் பொருட்படுத்தியது சுவர்த்தாள் விவகாரத்தில்தான். ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1775-இல் உருவாக்கிய ஆர்செனிக் கலந்த பச்சை நிறமி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சுவர்த்தாள்களிலெல்லாம் இடம்பிடித்தது. அத்தகைய தாள் ஒட்டிய ஈரமான அறைகளில் ஒரு விசித்திரமான வாடை வீசுவதையும் அங்கு வசிப்போர் நோயுறுவதையும் சேர்த்து நோக்கிய ஜெர்மன் வேதியியலாளர் லெயோபோல்ட் க்மெலின், 1839-இல் ஒரு செய்தித்தாள் வழியாகவே பொதுமக்களை எச்சரித்தார். அந்த வாடைக்குக் காரணம் நிறமி மட்டும் அன்று, அதன் மேல் வளரும் பூஞ்சையும்தான் என்பதை 1890களில் ரோமில் பார்த்தோலோமியோ கோசியோ மெய்ப்பித்தார். ஆர்செனிக் கலந்த மசித்த உருளைக்கிழங்கில் பூஞ்சையை வளர்த்தபோது பூண்டு வாடையுள்ள ஒரு வாயு வெளிப்பட்டது. கோசியோ வாயு என்று அழைக்கப்பட்ட அது டிரைமெத்தில் ஆர்சின் என்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஃப்ரெடரிக் சாலஞ்சர் குழுவினர் 1930களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர்.

கோசியோ தம் கண்டுபிடிப்பைத் தலைகீழாகவும் பயன்படுத்தினார்: ஐயத்துக்குரிய பொருளில் அந்தப் பூஞ்சையை வளரவிட்டு, பூண்டு வாடை எழுந்தால் அங்கு ஆர்செனிக் இருக்கிறது என்று முடிவு செய்யும் சோதனை அது. நுண்ணுயிரின் வாடையைத் தடயமாகக் கொள்ளும் எண்ணம், நாய் களத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே ஆய்வகத்தில் இடம்பெற்றுவிட்டது எனலாம். வேடிக்கை என்னவெனில், சுவர்த்தாள் நோய்க்குக் கோசியோ வாயுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதை இருபத்தோராம் நூற்றாண்டின் மறுஆய்வு ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டது; அந்த வாயு நம்பப்பட்ட அளவுக்கு நச்சுத்தன்மை கொண்டதன்று. வாடை உண்மையாக இருந்தும் அதிலிருந்து உய்த்துணர்ந்த காரணம் தவறிப்போகலாம் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. கடைசி எடுத்துக்காட்டு அன்று.

பூசண வாடை என்பது ஒரே பொருளின் வாடை அன்று. பூஞ்சைகளும் அவற்றோடு வாழும் பாக்டீரியாக்களும் வளரும்போது வெளியிடும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் பலவற்றின் கலவை அது. காளானுக்கு அதன் மணத்தைத் தரும் ஒக்டீனால் என்ற ஆல்ககால், ஜப்பானின் மாட்சுடாகே காளானிலிருந்து 1930களில் பிரித்தெடுக்கப்பட்டது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்கும் கன்னோசியில் வடிக்கப்படும் மண் அத்தருக்கும் உயிராக விளங்கும் ஜியோஸ்மின் 1965-இல் அடையாளம் காணப்பட்டது. வயலில் நுகர்ந்தால் மகிழ்ச்சி தருவதும் படுக்கையறையில் நுகர்ந்தால் முகம் சுளிக்க வைப்பதும் இந்த ஒரே மூலக்கூறுதான். இச்சேர்மங்களைக் காற்றிலிருந்து பிடித்து, வாயுப் பகுப்புக் கருவியில் அளந்து, மறைந்த பூசணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை 1980களிலும் 1990களிலும் வலுத்திருந்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை. அதே சேர்மங்களுள் பல சமையல், பூந்தொட்டி, புதிய கட்டுமானப் பொருள் ஆகியவற்றிலிருந்தும் வருவதால், கருவி காட்டிய எண் எதன் வாடை என்பதைச் சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்பதை அறவே சொல்லவில்லை. நாய்க்கு இடம் கிடைத்தது இந்த இரண்டாவது குறையால்தான்.

நாயின் மோப்பத்தை வேட்டைக்கு வெளியே ஒழுங்குபட்ட தொழிலாக்கியவர்கள் காவல்துறையினரும் படையினரும் ஆவர். பெல்ஜியத்தின் கென்ட் நகரக் காவல்துறை 1899-இல் நாய்ப்படை அமைத்தது. ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட பயிற்சி நூல் பல தலைமுறைப் பயிற்றுநர்களுக்கு வழிகாட்டியாயிற்று. இரண்டாம் உலகப்போரில் கண்ணிவெடி தேடவும், 1970 முதல் அமெரிக்கச் சுங்கத்துறையில் போதைப்பொருள் தேடவும், அதன் பின் காட்டுப் பூச்சிகளையும் கறையானையும் தேடவும் நாய்கள் பழக்கப்பட்டன. கறையான் தேடும் நாய்க்கும் பூசணம் தேடும் நாய்க்கும் தொழில் ஒன்றே: சுவரை உடைக்காமல் சுவருக்குள் இருப்பதைச் சுட்டுவது.

பிரிட்டனில் இந்தத் தேவையைக் கூர்மையாக்கியவை பழமையான கட்டடங்கள். உலர் அழுகல் கண்ட இடத்தைச் சுற்றி நெடுந்தூரத்துக்கு மரத்தை வெட்டி எறிந்து, காரையை உதிர்த்து, சுவரில் மருந்து ஏற்றுவதே வழக்கமான சிகிச்சையாக இருந்ததால், அழுகலைவிடச் சிகிச்சையால் அழிந்த பழைய மரவேலைப்பாடுகள் மிகுதி என்று மரபுக்கட்டடப் பாதுகாவலர்கள் குறைபட்டுக்கொண்டனர். ஈரத்தின் ஊற்றை அடைத்துக் கட்டடத்தை உலர விட்டால் பூஞ்சை தானே மடியும் என்ற மாற்றுக் கொள்கை வலுத்தபோது, எது உயிருள்ள அழுகல், எது எப்போதோ செத்துப்போன அழுகலின் வடு என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. ஹட்டன் ரோஸ்ட்ரன் என்ற கட்டட ஆய்வு நிறுவனம் இதற்கென்று பழக்கி, ராட்ஹவுண்ட் என்று பெயரிட்டு அழைத்த நாய்கள், வளர்ந்துகொண்டிருக்கும் உலர் அழுகலின் வாடைக்கு மட்டும் எதிர்வினை காட்டப் பயிற்றுவிக்கப்பட்டன. இத்தொழிலின் வரலாற்றில் நாய்க்குத் தரப்பட்ட மிகத் தெளிவான, அதனாலேயே மிகப் பொருத்தமான வேலை இதுவே எனலாம். ஒரு பூஞ்சை, ஒரு வாடை, ஒரு கேள்வி.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கேள்வி அவ்வளவு தெளிவாக இல்லை. 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வெப்பம் வீணாகாமல் இருக்க வீடுகள் இறுக்கமாக மூடிக் கட்டப்பட்டன, காற்றோட்டம் குறைந்தது, தரைக்கும் வீட்டுக்கும் இடையே தவழ்ந்து மட்டும் செல்லக்கூடிய அடிவெளியிலும் ஈரக் கான்கிரீட் மேல் நேரே கிடத்திய மரச்சட்டங்களிலும் பூசணம் பிடித்தது. வீட்டுக்கு வந்த விருந்தினரின் உடையிலும் ஒட்டிக்கொண்டு போகும் அந்த வாடை 'பூசண வீடு' என்ற ஒரு வகையையே அங்கு உருவாக்கியது. நாய்களும் அவ்வீடுகளுக்குள் அழைக்கப்பட்டன.

ஆனால் அந்த வாடையின் வேதியியல் வேறொரு கதையைச் சொன்னது. மரம் அழுகாமல் இருக்க அக்காலத்தில் குளோரோபீனால் வகை மருந்துகள் ஏற்றப்பட்டன. ஸ்வீடன் அவற்றை 1978-இல் தடை செய்தது. ஈரமேறிய மருந்து மரத்தில் நுண்ணுயிர்கள் இந்தக் குளோரோபீனாலைக் குளோரோஅனிசோல் என்ற சேர்மமாக மாற்றுகின்றன. திராட்சை மதுப் புட்டியின் தக்கை கெட்டு மதுவைப் பாழாக்கும்போது எழும் வாடையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றில் மிக நுண்ணிய அளவே இருந்தாலும் மனித மூக்குக்கே எட்டும் இச்சேர்மம்தான் ஸ்வீடன் வீடுகளின் பூசண வாடைக்குப் பெரிய காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினர். அப்படியானால் மரத்தில் பூசணம் பெரிதாக இல்லாமலேயே பூசண வாடை வீசும். ஈரம் வற்றிப் பல்லாண்டு ஆன பிறகும் வீசும். அத்தகைய வீட்டில் ஒரு நாய் தரையோரத்தைச் சுட்டினால் அது பொய்யும் அன்று, கேட்ட கேள்விக்கு விடையும் அன்று. நாய் பூசணத்தைக் கண்டுபிடிப்பதில்லை, தனக்குக் கற்பிக்கப்பட்ட வாடையைக் கண்டுபிடிக்கிறது என்ற வேறுபாட்டை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்வு இத்துறையில் இல்லை.

பயிற்சியும் தேடலும் நடைபெறும் முறையைச் சற்று அருகிருந்து காண்பது பயனுள்ளது. மூடியில் துளையிட்ட கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக வைக்கப்பட்டு, ஒன்றில் மட்டும் பூசணம் பிடித்த மரத்துண்டோ ஜிப்சம் பலகைத் துண்டோ இடப்படும். மற்றவற்றில் அதே பொருளின் தூய துண்டுகள் இருக்கும், ஏனெனில் அவை இல்லையென்றால் நாய் பூசணத்தைக் கற்காமல் மரத்தைக் கற்றுவிடும். சரியான குப்பியின் முன் நாய் உட்கார்ந்தாலோ அசையாமல் நின்று மூக்கை நீட்டினாலோ அந்த நொடியே பந்தோ தின்பண்டமோ கிடைக்கும். தேடலுக்கு முன் வீட்டின் சன்னல்கள் சில மணி நேரம் அடைக்கப்பட்டு, காற்று அசையாமல் வைக்கப்படும். நாய் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை குறுகுறுவென மூச்சிழுக்கிறது. இழுக்கும் காற்று மூக்கின் முன்புறத்தில் நுழைய, விடும் காற்று பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளியேறுவதால், முகரப்படும் வாடை கலைவதில்லை. சுவரடிப் பட்டியை ஒட்டி நடந்துவந்த நாய் ஒரு மின்செருகியின் அருகே திடீரெனத் தலையைத் திருப்பி, இரண்டடி பின்வாங்கி, மீண்டும் முன்வந்து அங்கேயே உட்காருமானால், கையாளுநர் அந்த இடத்தில் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த சுவருக்குச் செல்வார். மின்செருகிக்குப் பின்னால் பூசணம் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள காற்றழுத்த வேறுபாடு, அடித்தளத்து வாடையை மின்கம்பிக் குழாய் வழியாக மேலே இழுத்து, அந்தச் செருகியில் கொண்டுவந்து விட்டிருக்கலாம். நாய் காட்டுவது வாடை வெளிவரும் வாயிலை. பூசணம் வளரும் இடத்தை அதிலிருந்து உய்த்தறிவது கட்டடம் அறிந்தவரின் வேலை.

இந்த நாய்களின் திறனை முறைப்படி சோதித்த ஆய்வுகள் வெகு சில. பின்லாந்தின் குவோப்பியோ நகர ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அழுகல் பூஞ்சை, கட்டடங்களில் வழக்கமாகக் காணும் பூசணம், பாக்டீரியா ஆகியவற்றுக்குப் பழக்கப்பட்ட இரு நாய்கள், மறைத்துவைத்த மாதிரிகளில் முக்கால் பங்கைக் கண்டுபிடித்தன. முக்கால் பங்கு என்பது கருவிகளோடு ஒப்பிட மதிக்கத்தக்க எண்தான். ஆனால் மறைத்துவைத்த மாதிரிக்கும் முப்பது ஆண்டுகள் மனிதர் வாழ்ந்த வீட்டுக்கும் உள்ள தூரம் பெரிது. அத்தூரத்தை அளந்து காட்டியவை மூட்டைப்பூச்சி தேடும் நாய்கள்: 2008-இல் புளோரிடாவில் கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் 97 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சுட்டிய இவ்வகை நாய்கள், மக்கள் குடியிருக்கும் அடுக்ககங்களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட சோதனையில் சராசரியாக 44 சதவீதப் பூச்சியிடங்களையே கண்டுபிடித்தன, பூச்சியில்லாத இடங்களில் 15 சதவீதத்தில் பொய்யாகவும் சுட்டின.

அமெரிக்காவில் பூசண நாய் அச்சத்தின் தோளேறி வந்தது. 1837-இல் பிராகா நகரில் ஒரு வீட்டுச் சுவர்த்தாளிலிருந்து கோர்டா என்ற பூஞ்சையியலாளர் விவரித்த ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கருப்புப் பூஞ்சை, 1990களில் கிளீவ்லாந்து நகரக் குழந்தைகளின் நுரையீரல் இரத்தக்கசிவோடு தொடர்புபடுத்தப்பட்டது. அத்தொடர்பு நிறுவப்படவில்லை என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2000-இல் திருத்தி அறிவித்தபோது அச்சம் ஏற்கெனவே ஊரெங்கும் பரவியிருந்தது. 2001-இல் டெக்சாஸ் நடுவர் குழுவொன்று பூசணம் பிடித்த ஒரு மாளிகை தொடர்பான வழக்கில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக 3.2 கோடி டாலர் வழங்கித் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது ஏறத்தாழ 40 லட்சமாகக் குறைந்தாலும், தலைப்புச் செய்தியானது முதல் தொகையே. வழக்குகளும் ஆய்வுக் கட்டணங்களும் பெருகிய அந்த ஆண்டுகளில் புளோரிடா முதலிய வெப்ப ஈர மாநிலங்களில் பூசண நாய் வணிகமாயிற்று. சுட்டல் ஒவ்வொன்றும் பணமாக மாறக்கூடிய இடத்தில் நாயைப் பிடித்திருக்கும் கை எவ்வளவு நடுநிலையானது என்ற வினா தவிர்க்க முடியாதது.

அந்த வினாவும் புதிதன்று. கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் புகழ்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் உடலசைவைப் படித்தே குளம்பைத் தட்டுகிறது என்று ஓஸ்கர் ஃப்புங்ஸ்ட் 1907-இல் விளக்கினார். நூறாண்டு கழித்து, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட சோதனையில், போதைப்பொருளோ வெடிமருந்தோ அறவே வைக்கப்படாத ஒரு தேவாலயத்துக்குள் 18 நாய்-கையாளுநர் இணைகள் தேடச் சென்றன. சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தால் அங்கு வாடை இருக்கும் என்று கையாளுநர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டிருந்தது. மொத்தம் 225 சுட்டல்கள் பதிவாயின, அத்தனையும் தவறு. நாய்கள் மிகுதியாக மயங்கியது ஒளித்துவைத்த உணவுத் துண்டுகளால் அன்று, தாளைக் கண்ட மனிதரால். சன்னலோரக் கறையையும் வீட்டுக்காரரின் புலம்பலையும் முன்கூட்டியே அறிந்த ஒரு பூசண நாய்க் கையாளுநருக்கு அந்தச் சிவப்புத் தாள் தேவையே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாடையை ஒதுக்க முடியவில்லை என்பதே இவ்வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். பின்லாந்தின் எஸ்போ நகரில் ஏறத்தாழ 2,000 குழந்தைகளை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், வீட்டில் பூசண வாடை இருப்பதாகப் பெற்றோர் சொன்ன குழந்தைகளுக்கு ஆஸ்துமா உருவாகும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளிவந்த மதிப்பாய்வும், கண்ணுக்குத் தெரியும் ஈரமும் மூக்குக்குத் தெரியும் வாடையும் நோயோடு தொடர்புறும் அளவுக்குக் காற்றில் எண்ணப்பட்ட பூஞ்சை வித்துகளின் கணக்கு சீராகத் தொடர்புறவில்லை என்று கண்டது. விலையுயர்ந்த கருவியின் எண்ணைவிட வீட்டில் வாழும் தாயின் மூக்குக்கு மதிப்பு கூடியிருப்பதை அளவீட்டில் ஊறியவர்கள் எளிதில் ஏற்கவில்லை. மனித மூக்கு அறைக்குள் வாடை இருக்கிறது என்று சொல்லும், ஆனால் சிறிது நேரத்திலேயே அதற்குப் பழகி மரத்துப்போகும். எந்தச் சுவர், எந்த மூலை என்று சொல்வதற்கு நாயே தேவைப்படுகிறது.

நாய்க்கு எந்த இடத்தைத் தருவது என்பதில் ஜெர்மன் நடுவண் சுற்றுச்சூழல் முகமை எடுத்த நிலை மற்றவற்றைவிடத் தெளிவானது. பூசணம் பற்றிய அதன் வழிகாட்டி நூல் மோப்ப நாயை மறைந்த வளர்ச்சியைத் தேடும் முறைகளுள் ஒன்றாக ஏற்கிறது. ஆனால் நாயின் சுட்டலை மட்டும் கொண்டு இடிக்கவோ பழுதுபார்க்கவோ முடிவு செய்யாமல், சுட்டிய இடத்தைத் திறந்து, பொருளின் மாதிரியை எடுத்து, ஆய்வகத்தில் உறுதி செய்யும்படி கேட்கிறது. அந்த ஒழுங்கின்படி நாய் சென்ற பின் வீட்டில் எஞ்சுவது ஓர் அறை வரைபடமும் அதில் குறித்த சில புள்ளிகளும் மட்டுமே. ஒவ்வொரு புள்ளியிலும் விரலளவு துளையிட்டு, காப்புப் பஞ்சையோ மரச்சீவலையோ எடுத்து, தனித்தனிப் பைகளில் இட்டு, ஈரமானியின் அளவையும் உடன் எழுதி அனுப்புகிறார்கள். நாய் சுட்டாத ஓர் இடத்திலும் ஒரு துளை இட்டு ஒப்புமைக்காக மாதிரி எடுப்பவர்கள் உண்டு. எந்த இடம் சுட்டப்பட்டது, எது சுட்டப்படவில்லை என்று ஆய்வகத்தாருக்குச் சொல்லாமல் அனுப்பினால், குதிரை ஹான்ஸின் பிழை அங்கேனும் தொடராது.